வேலைக்கும் போகணும், படிக்கவும் செய்யணும்: முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க

முகூர்த்த நாள்ல ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்துல பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, இலையில் சாம்பார் ஊற்ற வரும் பையனை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க. தலையில் கேப், கையில் கிளவுஸ், கண்ணில் பாதித் தூக்கம். அவன் நம்ம பக்கத்து டிபார்ட்மென்ட்டாக இருக்கலாம். ராத்திரி பத்தரைக்கு பிரியாணி பார்சலோடு காலிங் பெல் அடிக்கும் அண்ணனும், தெரு முனை வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா சொல்லித் தரும் அக்காவும் அப்படித்தான். நம்ம கிளாஸிலேயே எண்ணிப் பார்த்தால், வேலைக்குப் போகிறவர்கள் நாம நினைப்பதைவிட அதிகம். பல பேர் வெளியே சொல்றதில்லை, அவ்வளவுதான்.

ஏன் போகிறார்கள் என்று கேட்டால் பதில் சாதாரணமாகத்தான் இருக்கும். பஸ் ஃபீஸ், மெஸ் பில், எக்ஸாம் ஃபீஸ், தங்கச்சியோட ஸ்கூல் ஃபீஸ், சில வீடுகளில் மாச வாடகையே. "வேலையெல்லாம் வேண்டாம், படிப்பைப் பாரு" என்று அறிவுரை சொல்வது ரொம்ப ஈஸி. சொல்கிறவர் நம்ம ஃபீஸைக் கட்டப் போவதில்லை. அதனால் போகலாமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல இந்தக் கட்டுரை வரவில்லை. போவதென்றால் எந்த வேலை, எந்த நேரம், எந்த இடத்தில் நிறுத்தணும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கு. அதைப் போட்டுப் பார்க்கலாம், வாங்க.

இங்கே வரும் படிப்பு சம்பந்தமான எண்கள், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021 ரெகுலேஷனை வைத்து எழுதப்பட்டவை. தன்னாட்சிக் கல்லூரியில் படிக்கிறவர்கள் உங்க ரெகுலேஷன் புத்தகத்தையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்க. கொஞ்சம் மாறலாம்.

"ஃபாரின்ல எல்லாரும் வேலை பார்த்துக்கிட்டேதானே படிக்கிறாங்க?"

இந்தக் கேள்வியை நாம எல்லோரும் கேட்டிருப்போம். எம்.எஸ். போன சீனியர், ரெஸ்டாரன்ட்டில் வேலை பார்த்துக்கொண்டே படித்து முடித்த கதையையும் கேட்டிருப்போம். உண்மைதான். ஆனால் அங்கே ஒரு சட்டம் இருக்கு. பிரிட்டனில் பட்டப்படிப்பு படிக்கும் வெளிநாட்டு மாணவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். கனடாவில் 2024 நவம்பர் முதல் வாரத்துக்கு 24 மணி நேரம். அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் இருப்பவர் வகுப்பு நடக்கும்போது கேம்பஸுக்குள் 20 மணி நேரம். மீறினால் விசாவுக்கே ஆபத்து.

சரி, அப்போ நாமும் 20 மணி நேரம் செய்யலாமே என்று தோணும். இங்கேதான் கணக்கு இடிக்குது. நம்ம ரெகுலேஷன்படி ஒரு செமஸ்டர் என்பது வழக்கமாக 75 வேலை நாட்கள், அதாவது 50 நிமிஷ ஹவர்கள் 540. வாரத்துக்கு ஐந்து நாள் வைத்தால் 15 வாரம். 540-ஐ 15-ஆல் வகுத்தால் வாரத்துக்கு 36 ஹவர். நிமிஷத்தில் மாற்றினால் முழுசாக 30 மணி நேரம் கிளாஸுக்குள் உட்காரணும். அமெரிக்காவில் எம்.எஸ். படிப்பவர் பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டருக்கு 9 கிரெடிட் எடுத்தாலே முழுநேர மாணவர். வகுப்பில் உட்காருவது வாரத்துக்குக் கிட்டத்தட்ட 9 மணி நேரம். வீட்டுப்பாடம் மலை மாதிரி இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டுப்பாடத்தைப் பகலில் செய்வதா, ராத்திரி செய்வதா என்பது அவர் கையில் இருக்கு.

நமக்கு அப்படி இல்லை. காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நம்ம நேரம் டைம்டேபிள் கையில். அதனால் நமக்கு "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை" என்பது இரண்டாவது கேள்விதான். "அந்த வேலை எந்த மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறது" என்பதுதான் முதல் கேள்வி. இந்தக் கட்டுரையில் இது ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

135 ஹவர்: நம்ம கையில் இருக்கும் மொத்த பேலன்ஸ்

75 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேணும் என்று எல்லோருக்கும் தெரியும். அதை ஹவரில் மாற்றிப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 540-இல் 25 சதவீதம் என்றால் 135 ஹவர். ஜுரம், சொந்தக்காரங்க கல்யாணம், ஊர்த் திருவிழா, பஸ் மிஸ் ஆனது எல்லாம் இந்த 135-க்குள்தான் அடங்கணும். 65-க்கும் 75-க்கும் நடுவில் இருந்தால் கண்டனேஷன் உண்டு. ஆனால் அது உடம்பு சரியில்லாதது, விபத்து, விளையாட்டுப் போட்டி மாதிரியான காரணங்களுக்கு மட்டும். வேலைக்குப் போனேன் என்பது அந்த லிஸ்ட்டில் கிடையாது. 65-க்குக் கீழே போனால் செமஸ்டர் எக்ஸாம் எழுத முடியாது, அடுத்த செமஸ்டருக்கும் போக முடியாது. அந்த செமஸ்டரை அடுத்த கல்வியாண்டில் திரும்பப் படிக்கணும். ஒரு செமஸ்டர் போச்சு என்று சொல்கிறோம், உண்மையில் போவது ஒரு வருஷம்.

எங்களுக்கு ஒரு வருஷம் சீனியர் அண்ணா ஒருத்தர் இருந்தார். ஐந்தாவது செமஸ்டரில் பெட்ரோல் பங்க்கில் நைட் வேலைக்குச் சேர்ந்தார். ராத்திரி பத்து மணிக்குப் போனால் காலை ஆறுக்கு வருவார். குளித்துச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கண்ணசந்து எழுந்து, டவுன் பஸ் பிடித்து காலேஜுக்கு வர பத்து மணி ஆகிவிடும். தினமும் முதல் இரண்டு ஹவர் போகும். அவர் சினிமாவுக்குக் கட் அடித்தவர் இல்லை. வந்த பிறகு ஒரு கிளாஸையும் விட்டதில்லை.

இப்போ கணக்கைப் பாருங்க. தினமும் 2 ஹவர், 75 நாள்: 150 ஹவர். 135-ஐ அங்கேயே தாண்டியாச்சு. அட்டெண்டன்ஸ் 72 சதவீதம். அதோடு ஜுரத்துக்கு மூன்று நாள், பாட்டி இறந்ததுக்கு இரண்டு நாள், இன்னும் ஏதோ காரணத்துக்கு மூன்று நாள் என்று மொத்தம் எட்டு நாள் லீவ். அந்த எட்டு நாளின் மீதி ஐந்து ஹவர்களையும் சேர்த்தால் இன்னொரு 40. மொத்தம் 190 ஹவர். அட்டெண்டன்ஸ் 64.8. கிளாஸ் அட்வைசர் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. "நான் தினமும் வந்துட்டுத்தானே சார் இருந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான், தினமும் வந்தார். அந்த செமஸ்டரை அடுத்த வருஷம் எங்க பேட்ச்சோடு உட்கார்ந்துதான் படித்தார்.

அவர் சம்பளம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. வேலையும் நேர்மையான வேலை. அந்த வேலை எடுத்துக்கொண்ட மணி நேரம்தான் தப்பு.

அட்டெண்டன்ஸ் மாதிரியே சத்தமில்லாமல் குறையும் இன்னொன்று இன்டர்னல். தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் எக்ஸாம் 60. பாஸ் ஆக எக்ஸாமில் குறைந்தது 45 சதவீதம், இரண்டும் சேர்த்து 50 மார்க் வேணும். இன்டர்னலில் 30 வாங்கியவர் நூறு மார்க் பேப்பரில் 45 எடுத்தால் போதும். டெஸ்ட் அன்னைக்கு வேலைக்குப் போய் இன்டர்னலில் 15 மட்டும் வாங்கியவர் அதே பேப்பரில் 59 எடுக்கணும். டெஸ்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரி வாங்கிய பேட்டாவுக்கு விலை இந்த 14 மார்க்.

ஒரு வாரத்தில் மிச்சம் எவ்வளவு?

வாரத்துக்கு 168 மணி நேரம். காலேஜ் பஸ்ஸில் வரும் ஒரு டே ஸ்காலரை எடுத்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்புகிறார்.

- காலேஜும் பஸ்ஸும்: நாளுக்கு பத்தரை மணி நேரம், ஐந்து நாளுக்கு 52.5
- தூக்கம்: நாளுக்கு 7, வாரத்துக்கு 49
- குளியல், சாப்பாடு, வீட்டு வேலை: நாளுக்கு 2.5, வாரத்துக்கு 17.5
- ரெக்கார்டு, அசைன்மென்ட், சொந்தப் படிப்பு: நாளுக்கு 2, வாரத்துக்கு 14

மொத்தம் 133. மிச்சம் 35 மணி நேரம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்த 35 எங்கே கிடக்கு என்று பாருங்க. திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு வெறும் 2 மணி நேரம், மொத்தம் 10. சனி, ஞாயிறில் நாளுக்கு பன்னிரண்டரை, மொத்தம் 25. சனிக்கிழமை காலேஜ் வைத்துவிட்டால் அதுவும் குறையும்.

இந்த 35-ஐயும் வேலைக்கே கொடுத்துவிட்டால் ஜுரம் வர நேரமில்லை, அம்மாவோடு உட்கார்ந்து பேச நேரமில்லை, இன்டர்னல் வாரத்தில் கூடுதலாகப் படிக்க நேரமில்லை. அதனால் மிச்சத்தில் பாதிக்கு மேல் வேலைக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது. அதாவது வாரத்துக்கு 15 முதல் 17 மணி நேரம், அதிலும் பெரும்பகுதி சனி ஞாயிறில். ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு பஸ் நேரம் மிச்சம்தான், ஆனால் கேட் மூடும் நேரம் இருக்கு. அவர்களுக்கு ரூமில் உட்கார்ந்து செய்யும் வேலையும், வீக்கெண்ட் வேலையும்தான் சரிவரும்.

உங்க டைம்டேபிளை வைத்து இதே கணக்கை ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்க. பத்து நிமிஷம்கூட ஆகாது.

எந்த வேலை, எந்த நேரத்தை எடுக்கும்?

கேட்டரிங். நம்ம பசங்க அதிகம் போவது இதற்குத்தான். ஞாயிறும் முகூர்த்த நாளும் என்பதால் கிளாஸ் அடிபடாது என்று தோன்றும். ஆனால் முந்தின நாள் ரிசப்ஷன், மறுநாள் விடியற்காலை டிபன் என்று இரண்டும் சேர்ந்தே வரும். ரிசப்ஷன் பந்தி முடிந்து பாத்திரம் ஏற்றும்போது மணி பன்னிரண்டு. மறுபடியும் நாலு மணிக்கு எழணும். ஞாயிறு முகூர்த்தம் என்றால் சமாளிக்கலாம். திங்கள் முகூர்த்தம் என்றால் ஒரு முழு நாள் அட்டெண்டன்ஸ் போச்சு. இன்னொன்றும் கவனிங்க. ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் குறைவு. ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரை, வைகாசியிலும் முகூர்த்தம் நிறைய. நம்ம செமஸ்டர் எக்ஸாமும் பெரும்பாலும் அதே மாதங்களில்தான் வரும். மேஸ்திரி அதிகம் கூப்பிடுவது நாம போகவே கூடாத நேரத்தில். தை மாதம் செமஸ்டர் ஆரம்பம் என்பதால் பாதுகாப்பு. எக்ஸாம் மாதங்களில் வர முடியாது என்பதைத் தையிலேயே சொல்லி வைத்துவிடுங்க.

டெலிவரி. நேரத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் ஆர்டர் குவிவது ராத்திரி ஏழிலிருந்து பத்தரை வரை. காலை ஆறு மணிக்கு எழுந்தவர் ராத்திரி பதினொன்றுக்கு வண்டி ஓட்டினால், 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருக்கிறார் என்று அர்த்தம். 1997-இல் டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கியிருந்தது. நம்ம நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். ஒரு சொட்டுகூடக் குடிக்காமலே அந்த நிலைமையில் பைபாஸில் போய்க்கொண்டிருக்கிறோம். வார நாளில் ஒன்பதரைக்கு லாக் அவுட் செய்வதை விதியாக வைத்துக்கொள்ளுங்க. இன்னொன்று, அப்பாவோட பைக்கின் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்க. சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வாடகைக்கு ஓட்டுவதும் சரக்கு ஏற்றிச் செல்வதும் அடங்காது என்று எழுதியிருக்கும். டெலிவரிக்குப் போகும்போது விபத்து நடந்தால் கிளெயிம் சிக்கலாகலாம். சேரும்போதே இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்க.

டியூஷன். சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரை. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே போகலாம். பெட்ரோல் இல்லை, தூக்கம் கெடாது. ஐந்தாறு பிள்ளைகள் சேரக் கொஞ்ச மாதம் ஆகும், ஆனால் சேர்ந்துவிட்டால் நிலையான வருமானம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நெருக்கடி மார்ச்சில். நமக்கு நெருக்கடி அதற்குப் பிறகு. அதனால் இரண்டும் பெரும்பாலும் மோதாது. மாசச் சம்பளத்தைக் கேட்டு வாங்கக் கூச்சப்படாதீங்க. ஐந்தாம் தேதிக்குள் என்று முதல் நாளே பிள்ளைகளோட அம்மாகிட்ட சொல்லிடுங்க.

காலை வேலை. பேப்பர் போடுவது, பால் பாக்கெட் போடுவது. நாலரைக்கு ஆரம்பித்து ஆறரைக்குள் முடியும். கிளாஸைத் தொடாது. ஆனால் ராத்திரி ஒன்பதரைக்குப் படுக்கணும். ஹாஸ்டல் நண்பர்களோடு ஒரு மணி வரை ரீல்ஸ் பார்த்துவிட்டு இந்த வேலை செய்ய முடியாது.

ஜவுளிக்கடை சீசன். தீபாவளிக்கு முந்தைய சில வாரங்கள். பணம் மொத்தமாகக் கிடைக்கும். ஆனால் அது இன்டர்னலும் மாடல் எக்ஸாமும் வரும் நேரம். போவதென்றால் சனி, ஞாயிறு மட்டும் பேசிக்கொள்ளுங்க. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்க வேண்டியதில்லை என்பதும் தெரிஞ்சிருக்கட்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரணும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்திருக்கு.

ஃப்ரீலான்ஸ். வீடியோ எடிட்டிங், போஸ்டர், வெப்சைட். ரூமிலிருந்தே செய்யலாம், நம்ம துறைக்கும் உதவும். பிரச்சினை டெட்லைன். கிளையன்ட்டுக்கு நம்ம இன்டர்னல் தேதி தெரியாது. வேலை ஆரம்பிக்கும் முன் பாதிப் பணத்தை அட்வான்ஸாக வாங்குங்க, எத்தனை தடவை திருத்தித் தருவீங்க என்பதையும் மெசேஜில் எழுதி வையுங்க. சம்பளத்தில் டி.டி.எஸ். பிடித்திருந்தால் விட்டுவிடாதீங்க. பான் கார்டு இருந்தால், வருமான வரி ரிட்டர்ன் போட்டு, கட்ட வேண்டிய வரி இல்லாதபோது அதைத் திரும்ப வாங்கலாம்.

நைட் ஷிஃப்ட். சீனியர் அண்ணா கதையை மேலே படித்தீங்க. வாரம் முழுக்க நைட் ஷிஃப்ட்டும் எட்டரை மணி கிளாஸும் ஒன்றாகப் போகாது. செமஸ்டர் லீவில் வேண்டுமானால் செய்யலாம்.

கையில் வருவது எவ்வளவு, மிஞ்சுவது எவ்வளவு?

வேலைகளை மாசச் சம்பளத்தை வைத்து ஒப்பிடாதீங்க. மணிக்கு எவ்வளவு மிஞ்சுது என்று பாருங்க. கீழே இருப்பவை உதாரண எண்கள். உங்க ஊர் ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்க.

டெலிவரி: சாயங்காலம் ஆறிலிருந்து பதினொன்று வரை 5 மணி நேரம், கையில் 550 ரூபாய். ஓடிய தூரம் 70 கிலோமீட்டர். பெட்ரோல் 155, டயர், ஆயில், சர்வீஸுக்கு எடுத்து வைப்பது 50. மிச்சம் 345. மணிக்கு 69 ரூபாய்.

கேட்டரிங்: கிளம்பியதிலிருந்து திரும்பும் வரை ஏழரை மணி நேரம், 600 ரூபாய், பஸ்ஸுக்கு 30. மணிக்கு 76 ரூபாய், ராத்திரிச் சாப்பாடும் உண்டு.

டியூஷன்: ஐந்து பிள்ளைகள், தலைக்கு 500, மாதம் 2,500. நாளுக்கு ஒன்றரை மணி நேரம், 20 நாள், ஆக 30 மணி நேரம். மணிக்கு 83 ரூபாய்.

550 ரூபாய் ஒரே நாளில் கைக்கு வருவதால் டெலிவரி பெரிசாகத் தெரியுது. வகுத்துப் பார்த்தால் படம் மாறிடுது. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்க, அடுத்த பகுதியில் தேவைப்படும்.

வேலைக்கு முன்னால், உங்களுக்கு வரவேண்டிய பணத்தை வாங்கிட்டீங்களா?

ஃபார்ம் நிரப்பச் சோம்பல்பட்டு விட்ட பணத்தை ராத்திரி வண்டி ஓட்டிச் சம்பாதிப்பவர்கள் நம்மில் இருக்காங்க. ஒரு தடவை சரிபாருங்க.

- குடும்பத்தில் நீங்கதான் முதல் பட்டதாரி, கவுன்சலிங்கில் சேர்ந்தவர் என்றால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. சான்றிதழ் தாலுகா அலுவலகம் வழியாக, இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.
- அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்திருக்காங்க.
- ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப். வருஷா வருஷம் ரினியூவல் செய்யணும், மறந்தால் நின்றுவிடும்.
- மாணவிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி ஸ்காலர்ஷிப், வருஷத்துக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கணும். முதல் வருஷத்திலேயே, லேட்டரல் என்ட்ரி என்றால் இரண்டாம் வருஷத்தில், விண்ணப்பிக்கணும்.
- கல்விக் கடன்: 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்காமல் தரும் திட்டம் வங்கிகளில் இருக்கு. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. வித்யாலட்சுமி போர்ட்டலில் விண்ணப்பிக்கலாம்.

மாதம் 1,000 ரூபாய் என்றால், மணிக்கு 69 ரூபாய் கணக்கில் 14 மணி நேர டெலிவரி. பிரகதியின் 50,000 என்றால் 724 மணி நேரம். கடன் என்றால் வீட்டில் பயப்படுவாங்க, நியாயமான பயம்தான். ஆனால் கடனைத் தவிர்க்கப் போய் ஒரு வருஷத்தை இழந்தால், வேலையில் சேர்ந்திருந்தால் வந்திருக்கும் ஒரு வருஷச் சம்பளமும் சேர்ந்தே போகும். அதையும் கணக்கில் வைத்துத்தான் முடிவு எடுக்கணும்.

இதில் மட்டும் மாட்டிக்காதீங்க

வேலை தேடும் ஸ்டூடன்ட் என்றாலே வலை வீச ஆள் இருக்கு.

"டேட்டா என்ட்ரி, வீட்டிலிருந்தே மாதம் 20,000" என்று வரும். ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ஒரு தொகை கேட்பாங்க. வேலையை முடித்துக் கொடுத்தால் தப்பு அதிகம் என்று சொல்லி, அக்ரிமென்ட்டை மீறினதா வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை அனுப்பி இன்னும் பணம் பிடுங்குவாங்க. வேலை தருபவர் நமக்குத்தான் பணம் தரணும். நம்மகிட்ட கேட்டால் அது வேலை இல்லை.

டெலிகிராமில் "வீடியோவுக்கு லைக் போடுங்க, 150 ரூபாய்" என்று வரும். முதல் இரண்டு நாள் உண்மையாகவே பணம் வரும். மூன்றாவது நாள் "பெரிய டாஸ்க்"குக்கு நீங்க முதலில் பணம் போடணும். போட்டது திரும்பாது.

எல்லாவற்றையும்விட மோசமானது, "உன் பேங்க் அக்கவுன்ட்டைக் கொஞ்ச நாளைக்குக் கொடு, கமிஷன் தரேன்" என்பது. மோசடிப் பணம் உங்க அக்கவுன்ட் வழியாகப் போகும். போலீஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான். கிளாஸ்மேட் கேட்டாலும் கொடுக்காதீங்க. பணத்தை இழந்தால் உடனே 1930-க்கு போன் செய்யுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

ஒரிஜினல் மார்க் ஷீட்டை எந்த வேலைக்கும் யாரிடமும் கொடுக்காதீங்க. ஜெராக்ஸ் போதும்.

எங்கே நிறுத்தணும்?

வேலையை எப்போது விடுவது என்பதை, வேலைக்குச் சேரும் அன்னைக்கே முடிவு பண்ணிடணும். களைச்சுப் போன பிறகு முடிவெடுக்கத் தெளிவு இருக்காது. இந்த நாலில் ஒன்று நடந்தால் வேலையைக் குறைங்க, இரண்டு நடந்தால் நிறுத்துங்க:

1. அட்டெண்டன்ஸ் 80-க்குக் கீழே இறங்கினால். 75 வரை காத்திருந்தால், அதற்குப் பிறகு ஒரு ஜுரத்துக்குக்கூட இடமில்லை.
2. முதல் இன்டர்னலில் இரண்டு பேப்பரில் பாதிக்குக் கீழே வந்தால்.
3. தொடர்ந்து இரண்டு வாரம் ராத்திரி ஆறு மணி நேரத் தூக்கம்கூட இல்லையென்றால்.
4. "நாளைக்கு மட்டும் கிளாஸுக்கு லீவ் போட்டுட்டு வாப்பா" என்று மேனேஜர் இரண்டாவது தடவை கேட்டால். மூன்றாவது தடவை அவர் கேட்கவே மாட்டார், வருவீங்க என்று நினைச்சுக்குவார்.

கிளாஸ் அட்வைசரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதும் நல்லது. வேலைக்கு ஓ.டி. கிடைக்காது, அதைக் கேட்கவும் வேண்டாம். ஆனால் ஃபீஸைத் தவணையாகக் கட்ட, ஸ்காலர்ஷிப் ஃபார்மில் கையெழுத்து வாங்க, அட்டெண்டன்ஸ் எங்கே நிக்குதுன்னு மாசா மாசம் தெரிஞ்சுக்க அவர்தான் வழி. நம்ம நிலைமை தெரியாத ஒருத்தருக்கு, கிளாஸில் தூங்குகிற பையன் வெறும் சோம்பேறியாகத்தான் தெரிவான்.

கடைசியாக, வேலைக்குப் போகத் தேவையில்லாத நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்க மினி புராஜெக்ட் டீமில் ஒருத்தர் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறார் என்றால் டீம் மீட்டிங்கை மதிய இடைவேளையில் வையுங்க. ஞாயிறு கேட்டரிங் முடிச்சுட்டு திங்கள் வருகிறவனுக்கு நோட்ஸை போட்டோ எடுத்து அனுப்புங்க. கடைசி பெஞ்சில் தலை சாய்ந்தால் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீங்க, தட்டி எழுப்பி விடுங்க.

அந்த சீனியர் அண்ணா எங்களோடு படித்த வருஷம் பங்க் வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் ஏழு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தார். வருமானம் முன்பைவிடக் குறைவுதான். முதல் ஹவர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அந்த செமஸ்டரில் அவர் அட்டெண்டன்ஸ் 91.